பன்னிரண்டு வயதில் வீட்டுக்கு வந்த பெறாமகன்

எங்கள் வீட்டில் என் தங்கையின் மகன் வளர்கிறான். 2022 தொடக்கத்தில், பன்னிரண்டு வயதில், ஒரு தோள்பையும் பள்ளிக்கூட விடுகைப் பத்திரமுமாக உரும்பிராய்க்கு வந்தான். அதற்கு முன் எங்கெல்லாம் இருந்தான் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பிறந்தவன். தகப்பன் என்ன ஆனார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. மீள்குடியேறிய பிறகு தறப்பாள் கொட்டிலில் தாயும் பிள்ளையுமாகக் கொஞ்சக் காலம். கடன் கழுத்தை நெரிக்க, இவனுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்னே தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போக முடியாதபடி குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறை 2013இல்தான் வந்தது. அவள் போன காலத்தில் அப்படிக் கேட்பார் யாரும் இல்லை. தன் மகனின் ஒரே பிள்ளை என்று அப்பம்மா இவனைத் தன்னோடு வைத்துக்கொண்டார், நன்றாகவும் பார்த்தார். அவருக்குப் பாரிசவாதம் வந்ததும் மாமி வீடு. பிறகு ஒரு சிறுவர் இல்லம், திரும்பவும் மாமி வீடு, பிறகு வேறோர் இல்லம். அதன்பிறகுதான் நாங்கள்.

இதில் யாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்களால் இயன்ற அளவு தூக்கினார்கள். ஆனால் பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால், தூக்கின கை ஒவ்வொன்றும் ஒருநாள் இறக்கிவிட்ட கை.

யாழ்ப்பாணத்தில் இப்படி எத்தனையோ வீடுகள். தாய் தகப்பன் மத்திய கிழக்கில், அல்லது ஐரோப்பாவில் விசாவுக்குக் காத்துக்கொண்டு, அல்லது உயிரோடு இல்லை. பிள்ளை அம்மம்மாவிடம், சித்தியிடம், மாமாவிடம். பதின்மூன்று பதினான்கு வயதில் அந்தப் பிள்ளை பொய் சொல்லத் தொடங்கும், காசு எடுக்கும், முகம் கொடுக்காது. உடனே சொல்லிவிடுவோம், "எவ்வளவு செய்தாலும் நன்றி இல்லாத பிள்ளை" என்று. அந்த வீடுகளில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சில மாதம் அவனைப் போல நல்ல பிள்ளை ஊரிலேயே இல்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைப்பான். தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்பான். அயலவர்கள் தங்கமான பிள்ளை என்றார்கள். எனக்கு அது ஏனோ நெருடியது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு நாளாவது "இந்தக் கறி எனக்கு வேண்டாம்" என்று சொல்ல வேண்டாமா?

ஒரு சனிக்கிழமை பின்வளவில் விழுந்து கிடந்த பனை மட்டைகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அன்றிரவு லைட்டை நிற்பாட்டப் போனபோது தலையணையில் ரத்தம். இடது உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கருக்கு கிழித்திருந்தது. பழைய சேர்ட் ஒன்றைக் கிழித்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தான். அந்தக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் எங்களோடு இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டிருக்கிறான்.

"நோகேல்லையோ அப்பு? பெரியம்மாட்டைச் சொல்லியிருக்கலாமே."

"ஏன் பெரியம்மா? நானே கட்டீற்றன்தானே."

அந்தக் குரலில் கோபமோ குறையோ இல்லை. சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றே அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தையல் போட்டபோதும் முகம் மாறவில்லை. தாதி கெட்டிக்காரன் என்று மெச்சினார். எனக்கு வயிறு கலங்கியது.

அதே பிள்ளை, அந்த வருட நல்லூர்த் திருவிழாவில், கனடாவிலிருந்து வந்திருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டான். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிறீம் கடை வரை போய்விட்டான். நாங்கள் தேடிப் பிடித்தபோது, "நானும் உங்களோட வரட்டோ?" என்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். விளையாட்டுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் காயத்தைக்கூடக் காட்டாதவன் தெருவில் யாரோடும் போய்விடுவான். இந்த இரண்டும் ஒரே பிள்ளையிடம் எப்படி என்று விளங்காமல்தான் உளநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

அவர் பையனின் குழப்படியைப் பற்றி முதலில் ஒன்றும் கேட்கவில்லை. முதல் மூன்று வருடம் யாரிடம் இருந்தான், இரவில் அழுதால் யார் எழும்பினார்கள், காய்ச்சலுக்கு யார் மடியில் வைத்திருந்தார்கள் என்று கேட்டார். பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு அவர் விளங்கப்படுத்தினார். குழந்தை அழும், ஒருவர் வருவார், தூக்குவார், அழுகை அடங்கும். திரும்பத் திரும்ப இது நடக்கும்போது, நொந்தால் ஆள் வரும் என்று குழந்தையின் உடம்புக்கே பழகிவிடும். யாரும் வராவிட்டால், அல்லது வருகிற ஆள் மாறிக்கொண்டே இருந்தால், கேட்டுப் பிரயோசனமில்லை என்று பழகும். குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையில் இப்படி உருவாகும் ஒட்டை மருத்துவர்கள் அற்றாச்மென்ற் என்கிறார்கள், தமிழில் பிணைப்பு என்று எழுதுகிறார்கள். பதின்ம வயதில் தெரிகிற பல வில்லங்கங்களின் வேர் அந்தப் பழக்கத்தில் கிடக்கிறது. இந்தப் பையன் பிடிவாதக்காரன் இல்லை. ஒரு காலத்தில் தப்பிப் பிழைக்க உதவின வழியை இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நானே தேடி வாசித்தேன். இங்கிலாந்து மனநல மருத்துவர் ஜோன் போல்பி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு வாசலை இழந்த பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் ஓர் அறிக்கை எழுதினார். சாப்பாடும் படுக்கையும் போதாது, நிலைத்து நிற்கும் ஓர் உறவு வேண்டும் என்பது அதன் சாரம். அவருடைய நான்கு வயதளவில் அவரை வளர்த்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டாராம்; அந்த இழப்பைப் பெரியவரான பிறகும் அவர் மறக்கவில்லை. அவரோடு வேலை செய்த மேரி எய்ன்ஸ்வர்த் 1950களில் உகண்டாவில், கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில், வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்த்தவர். குழந்தை தாயை விட்டுத் தவழ்ந்து போகும், திரும்பிப் பார்க்கும், பயந்தால் ஓடி வரும். அப்படித் திரும்பி வர ஓர் இடம் இருக்கிற குழந்தைதான் துணிந்து தூரப் போகும் என்று கண்டார். பெற்ற தாய் மட்டும்தான் அந்த இடம் என்றில்லை. அம்மம்மா, சித்தி, தகப்பன் யாராகவும் இருக்கலாம், ஒருவருக்கு மேலும் இருக்கலாம். இருக்கிறவர்கள் நிலைக்க வேண்டும்.

பிணைப்புக் கோளாறு என்ற நோய்ப்பெயரை மட்டும் நாமாக யார் மீதும் ஒட்டக்கூடாது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்றில் பிள்ளை ஆறுதல் தேடாது, கொடுத்தாலும் ஏற்காது. மற்றதில் அறிமுகமில்லாதவர்களோடு தயக்கமில்லாமல் ஒட்டும். இரண்டுக்கும் பின்னால் கடுமையான கவனிப்பின்மையோ, பராமரிப்பவர்கள் அடிக்கடி மாறினதோ இருக்க வேண்டும். முதலாவது வகையின் அறிகுறி ஐந்து வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஓட்டிசமும் இருக்கக்கூடாது. அப்படி மோசமாக வளர்ந்த பிள்ளைகளிலும் சிறுபான்மையினருக்கே இது வருகிறது. நேற்றுவரை கலகலப்பாக இருந்த பதினான்கு வயது மகள் அறைக்கதவைச் சாத்துகிறாள் என்றால் அது வயது. அல்லது புதிதாக ஒரு கவலை, அதை விசாரிக்க வேண்டும். எங்கள் மருத்துவரும் இவனுக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. அப்பம்மாவோடு இருந்த நல்ல வருடங்கள் இவனைக் காப்பாற்றியிருக்கின்றன, இரண்டு பக்கத்துச் சாயலும் கொஞ்சம் இருக்கிறது என்றார். "பேரை விடுங்கோ, பிள்ளையைப் பாப்பம்" என்றார். மனச்சோர்வு, நித்திரைக் குழப்பம், பழைய பயங்கர நினைவுகள் உண்டா என்று தனித்தனியாகப் பார்த்தார். பிணைப்புக்கென்று மருந்து இல்லை. வைத்தியத்தில் பெரும் பங்கு வளர்க்கிறவர்கள் நடக்கும் விதத்தில்தான்.

வீட்டில் செய்தவற்றை இனிச் சொல்கிறேன்.

சாப்பாட்டில்தான் தொடங்கினோம். அவனுடைய மெத்தைக்குக் கீழே எறும்பு மொய்த்தது. தூக்கிப் பார்த்தால் காய்ந்த பாண் துண்டும் பிஸ்கற்றும். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, ஆனாலும் இல்லங்களில் பழகின உடம்புக்கு நாளைக்கும் கிடைக்கும் என்று நம்ப முடியவில்லை. அவனை ஏசவில்லை. மூடியுள்ள ஒரு பிஸ்கற் ரின்னை அவனிடம் கொடுத்து, "இது உன்ரை. குறைஞ்சா நான் நிரப்புவன், கேட்கத் தேவையில்லை" என்றேன். முதலில் இரண்டு நாளுக்கொரு தடவை காலியாகும். பிறகு வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. இன்றும் நான் அதை வெறுமையாக விடுவதில்லை.

அடுத்தது, வாயில் வரக்கூடாத ஒரு வசனம். எங்கள் வீடுகளில் கோபம் வந்தால் சட்டென்று சொல்வோம்: "கொண்டுபோய் ஹொஸ்ரலிலை விட்டிடுவன்." மற்றப் பிள்ளைக்கு அது வெருட்டு. இவனுக்கு அது நடந்த கதை. நானும் இவரும் முதலிலேயே பேசி முடிவெடுத்தோம், எந்தக் கோபத்திலும் அனுப்புகிற கதை எடுப்பதில்லை என்று. வந்து போகிற உறவினர்களிடமும் சொல்லிவைத்தோம். "அம்மா எப்ப வாறா?", "இஞ்சையே இருக்கப் போறியோ?" என்று கேட்பதையும் நிறுத்தச் சொன்னோம். ஒரு மாமி கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

போகிற நேரமும் வருகிற நேரமும் சொல்வது இன்னொன்று. சங்கக் கடையில் எனக்கு வேலை. ஐந்தரைக்கு வருவேன் என்றால் ஐந்தரைக்குப் படலையில் நிற்க வேண்டும், பிந்தினால் போனில் சொல்ல வேண்டும். தங்கையின் அழைப்பையும் அப்படியே ஒழுங்குபடுத்தினோம். முன்பெல்லாம் நினைத்த நேரம் எடுத்து ஒரு மணித்தியாலம் அழுவாள், பிறகு பத்து நாள் சத்தமே இருக்காது. இப்போது வெள்ளியும் ஞாயிறும் இரவு எட்டு மணிக்கு, பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் தவறாமல் வருவதுதான் அவனுக்குப் பெரிது.

நல்ல நாளுக்கு அடுத்த நாள் கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிறந்தநாளுக்கு இவர் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, பூட்டிக் கழுவிப் புதிதாக்கிக் கொடுத்தார். அன்று முழுக்கச் சிரித்த முகம். மறுநாள் பின்னேரம் சைக்கிளை மதிலோடு அடித்து றிம்மை நெளித்துவிட்டு, "எனக்கு இது தேவையில்லை" என்று கத்தினான். நெருக்கம் கூடக் கூட, அது போய்விடும் என்ற பயமும் கூடும். எப்படியும் போகப் போவதுதானே, நானே முறித்துவிடுகிறேன் என்று பிள்ளை முந்திக்கொள்ளும். இவர் சத்தம் போடவில்லை. "றிம் நெளிஞ்சிட்டுது. சனிக்கிழமை ரெண்டு பேருமா நிமித்துவம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார். சனிக்கிழமை இரண்டு பேருமாக நிமிர்த்தினார்கள். அன்றைக்கு அந்த றிம்மை நிமிர்த்தினது நூறு புத்திமதிக்குச் சமம் என்பேன்.

அப்படியென்றால் ஒருபோதும் கோபப்படக்கூடாதா? அப்படி யாராலும் முடியாது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் தாயும் குழந்தையும் முகத்தோடு முகம் விளையாடுவதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். நல்ல ஒட்டுள்ள தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலேயே, இருவரும் ஒத்துப்போகும் நேரம் ஏறத்தாழ 30 சதவீதம்தான். மற்ற நேரமெல்லாம் தவறும், திரும்பச் சேரும். அந்தத் திரும்பச் சேருவதில்தான் பிணைப்பு வளர்கிறது. வளர்க்கிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி நான் வாசித்ததில்லை. கோபத்தை ஒரு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டு, அன்றிரவு படுக்கப்போகும் முன் நாமே போய்க் கதைக்க வேண்டும். அவன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவனுக்கு அந்த வழி தெரியாது.

காசு காணாமல் போனபோது விசாரணை வைக்கவில்லை. "அலுமாரியிலை இருந்த 500 ரூபா நீ எடுத்தது எனக்குத் தெரியும். தோட்டத்திலை நிண்டு கழிச்சுவிடு" என்றதோடு சரி. "ஏன் எடுத்தாய்?" என்று நெருக்கினால் இப்படியான பிள்ளை பொய் சொல்லும், பொய்யைப் பிடித்தால் இன்னொரு பொய். தண்டனை சின்னதாக, உடனே முடிவதாக, நம்மோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் நல்லது. அறைக்குள் பூட்டுவதும் கதைக்காமல் ஒதுக்குவதும் பழைய காயத்தில்தான் படும். அடி வேண்டவே வேண்டாம். வெளிநாடுகளில் பிள்ளையை அமுக்கிப் பிடித்துப் பாசத்தை வரவழைக்கிறோம் என்று ஒரு முறையை நடத்தினார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அதில் மூச்சுத்திணறி இறந்தாள். கட்டாயப்படுத்தி அணைப்பதும் அதே தவறான வழிதான்.

நேருக்கு நேர் உட்கார வைத்துக் கதை கேட்டால் இவன் வாய் திறக்கமாட்டான். தோட்டத்தில் இறைப்பு நாளில், பெரியப்பா மெசினைப் பார்க்க, இவன் மண்வெட்டியோடு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கும்போது தானாகக் கதை வரும். கண் ஒரு பக்கம், கை ஒரு வேலையில். இல்லத்தில் பெரிய பையன்கள் அடித்ததும், அப்பம்மாவின் செத்தவீட்டுக்குத் தன்னைக் கூட்டிப்போகாததும் அப்படித்தான் வெளியே வந்தன.

பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் வகுப்பில் வைத்து, தாய் தகப்பன் இல்லாத பிள்ளையென்றால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு சீருடையோடு வெளிக்கிட்டு பஸ் தரிப்பிடத்தில் இருந்துவிட்டு வரத் தொடங்கினான். அதிபரிடம் போய் நான் கேட்டது ஒன்றே ஒன்று: இவனுக்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெரியவர் வேண்டும். நூலகத்துக்குப் பொறுப்பான ரீச்சர் ஒப்புக்கொண்டார். இடைவேளைக்கு அங்கே போவான், புத்தகம் அடுக்குவான். முழுப் பள்ளிக்கூடமும் மாறவில்லை. அந்த ஒருவர் போதுமாக இருந்தது.

2023 இறுதியில் தங்கை விடுமுறையில் வந்தாள். "வாங்கோ" என்று விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொல்லி, தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அவள் குசினிக்குள் உட்கார்ந்து, "என்ரை பிள்ளைக்கு நான் ஆர் அக்கா?" என்று அழுதாள். பிள்ளைகளுக்குச் சோறு அனுப்பப் போன எத்தனை தாய்மாருக்கு இந்தக் கேள்வி! அவளிடம் பாசத்தைக் கேட்காதே, கதையைக் கொடு என்றேன். மருத்துவர் சொன்ன யோசனைதான். ஒரு சிஆர் கொப்பியை எடுத்தோம். பிறந்த நாள், பிறந்த இடம், எடை என்று தொடங்கி அவன் வாழ்க்கையை வரிசையாக எழுதினோம். முகாமில் எடுத்த ஒரே ஒரு படம் இருந்தது, ஒட்டினோம். முதல் நாள் எட்டத்தில் நின்றான். இரண்டாம் நாள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"அப்ப என்னை ஆர் குளிப்பாட்டினது?"

"நான்தான். எனக்குக் காய்ச்சல் வந்த கிழமை பக்கத்துக் கூடாரத்து அக்கா. தண்ணிக்கு லைனிலை நிண்டு, ஒரு வாளி உனக்கெண்டு தனியா வைப்பா."

"நான் அழுறனானோ?"

"சரியா அழுவாய். தூக்கினா நிப்பாட்டிப்போடுவாய்."

அந்த வசனத்தைத் தானே எழுத வேண்டும் என்று கொப்பியை வாங்கி எழுதினான். போன காரணத்தையும் அவள் மறைக்கவில்லை. கடன் எவ்வளவு, யாருக்கு, விமான நிலையத்துக்குப் போன நாளில் அவன் நித்திரையாக இருந்தது, எழுப்பாமல் போனது, எல்லாம் எழுதினாள். அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் திரும்பிப் போகிற நாளில் தன்னை எழுப்பச் சொன்னான். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி வான் வரை வந்தான். இடம் மாறி மாறி வளர்ந்த பிள்ளைக்குத் தன் கதை துண்டு துண்டாகத்தான் கிடக்கும். தெரியாத இடத்தை, தன்னில் ஏதோ பிழை என்று அது நிரப்பிக்கொள்ளும். தகப்பனைப் பற்றிய பக்கத்தில் தெரிந்ததை மட்டும் எழுதி, மிச்சத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

காலம் கடந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: ருமேனியாவில் 1989இல் ஆட்சி மாறினபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரச விடுதிகளில் இருந்தார்கள். பிறகும் அப்படியான விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளை வைத்து 2000இல் புக்கரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வு தொடங்கியது. விடுதியிலிருந்து வளர்ப்பு வீடுகளுக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தேறினார்கள். முந்தினால் நல்லது, உண்மைதான். ஒதுங்குகிற சுபாவம் நிலையான வீடு கிடைத்தால் பெரும்பாலும் இளகுகிறது. கண்டவரோடு ஒட்டுகிற பழக்கம் பதின்ம வயதிலும் நின்று பிடிக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நோ வந்தால் இப்போது வந்து சொல்கிறான். ஆனால் போனில் முகம் தெரியாத ஆட்களோடு ஒரே நாளில் சிநேகமாகிவிடுவான். யாரோடு கதைக்கிறான் என்பதை நாங்கள் இன்னும் சேர்ந்திருந்து பார்க்கிறோம்.

உதவி தேவையானவர்களுக்கு, யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயத்துக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929, மனம் தாங்காத இரவில் 1926. அந்த இரண்டாவது இலக்கம் வளர்க்கிறவர்களுக்கும்தான். வாரத்தில் ஒரு பின்னேரம் நான் கோயிலுக்குத் தனியாகப் போய்வருகிறேன். களைத்த ஆளால் பொறுமையாக இருக்க முடியாது.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் தங்கை ஒரேயடியாக வருகிறாள். பிள்ளையை உடனே அவளிடம் ஒப்படைப்பது நியாயம் என்றுதான் ஊரில் பலரும் சொல்கிறார்கள். இன்னுமொரு தடவை பையைக் கட்டுவதை நாங்கள் மூவரும் விரும்பவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். முதலில் மத்தியானச் சாப்பாடு அங்கே, பிறகு சனி ஞாயிறு, பிறகு அவன் சொல்கிறபடி. இங்குள்ள அவனுடைய அறை அப்படியே இருக்கும். அட்டவணையை அவனிடமே காட்டினோம். வாசித்துவிட்டு ஒரு திருத்தம் கேட்டான்: எந்த வீட்டில் படுத்தாலும் இறைப்பு நாளில் விடிய ஐந்தரைக்குப் பெரியப்பா வந்து கூப்பிட வேண்டுமாம். சேர்த்துவிட்டோம்.